தெருமுனை வரைக்கும் எட்டும் மோடம்

எங்கள் தெருவுக்குக் கேபிள் இழுத்திருப்பவர் ஒரு திங்கட்கிழமை காலையில் என் உரக்கடைக்கே வந்து, வாடகைக்குக் கொடுத்த மோடத்தைத் திருப்பி வாங்கப் போவதாகச் சொன்னார். டிவிக்கு வருகிற அதே வயரில்தான் எங்கள் வீட்டுக்கு நெட்டும் வருகிறது. அந்த வயரில் வருவதை வைஃபையாக்கிக் கொடுக்கும் கறுப்புப் பெட்டி ஐந்து வருடமாக எங்கள் வீட்டில் இருந்தாலும் அவருடைய சொத்துதான். மாதா மாதம் பில்லில் அதற்கென்று ஒரு வாடகை உண்டு.

"இனிமே யாருக்கும் வாடகைக்குத் தர்றதில்லன்னு மேல சொல்லிட்டாங்க சார். சொந்தமா ஒண்ணு வாங்கிக்கங்க. இந்த லிஸ்ட்ல கீற நாலு மாடல்தான் நம்ம லைன்ல எடுக்கும். மாசக் கடைசிக்குள்ள வாங்கிட்டீங்கன்னா நானே வந்து மாட்டிட்டுப் போறேன்" என்று ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார்.

வேறு யாராவது என்றால் வாடகை ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் கலங்கிப்போனேன். ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்காக ஐம்பத்தெட்டு வயது ஆள் கலங்குவானா என்று கேட்டால், கலங்குவான். அதற்கு என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு அவள் ஒரே பிள்ளை. விழுப்புரத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்த்தவனை இரண்டு வருடத்துக்கு முன்னால் கல்யாணம் செய்துகொண்டாள். அவனுக்குக் கண்டமங்கலம் பக்கம். அவன் அப்பாவும் அம்மாவும் இன்றைக்கும் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போகிறவர்கள். அவர்கள் ஆட்களின் வீடுகள் எந்த ஊரிலும் ஊருக்கு வெளியே தனியாகத்தான் இருக்கும். நாங்கள் காணை பக்கம் கரும்பும் நெல்லும் சொந்த நிலத்தில் வைக்கிறவர்கள். இதற்கு மேல் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை.

அவள் வீட்டை விட்டுப் போன மூன்றாம் நாள், எதிர் வீட்டில் இருக்கும் என் அண்ணன் வந்து என்னைத் தோட்டத்துக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். குடத்தில் தண்ணீர் இறைத்தார். "தல முழுகுடா. அவ செத்துட்டா. இனிமே அவ பேரு இந்த வீட்ல யாரு வாயிலயும் வரக்கூடாது" என்றார். எங்கள் பக்கத்தில் செத்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தால்தான் அப்படி முழுகுவோம். நான் வேட்டியோடு உட்கார்ந்தேன். தண்ணீர் ஊற்றியது அண்ணன்தான், ஆனால் தலையைக் குனிந்து காட்டியவன் நான். அதனால் அவர்மேல் பழி போட எனக்கு வாய் கிடையாது.

அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் இல்லை. என் மனைவி மத்தியானத்தில் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவாள், துணி காயப்போட என்பாள், பக்கெட் கீழேயே இருக்கும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு இரண்டு பேரும் அதே சோற்றைத் தின்றோம்.

அந்த வாடகை மோடம் வந்த புதிதில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தவள் மகள்தான். வைஃபைக்கு 'நம்ம வீடு' என்று பெயர் வைத்தாள். பாஸ்வேர்டை அவளே ஒன்று போட்டாள். என் போனில் அதற்கென்று ஒரு ஆப்பையும் ஏற்றிக் கொடுத்தாள். வீட்டு வைஃபையில் எந்த போன் சேர்ந்தாலும், விலகினாலும் அது என் போனுக்குச் செய்தி அனுப்பும். "யாராவது திருட்டுத்தனமா யூஸ் பண்ணா உனக்குத் தெரிஞ்சிடும்பா" என்றாள். எனக்கு அந்தச் சத்தமே பேஜாராக இருக்கும். எடுத்துவிடச் சொல்லி அவளைத் திட்டியிருக்கிறேன். நல்ல வேளை, அவள் எடுக்கவில்லை.

அவள் போய் நாலைந்து மாதம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தால், அவள் போன் எங்கள் வைஃபையில் சேர்ந்திருக்கிறது. நான் ஜன்னல் திரையை விரற்கடை விலக்கினேன். மூன்று வீடு தள்ளி இஸ்திரி வண்டி பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர். தலையில் ஹெல்மெட். கண்டமங்கலம் போகிறவளுக்கு எங்கள் தெரு வழியே இல்லை, சுற்றிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். அவள் தெருவில் நின்றாள். அவள் போன் மட்டும் யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து, விலகிவிட்டது என்று இன்னொரு செய்தி வந்தது.

அதற்குப் பிறகு பெரும்பாலும் எல்லா வெள்ளிக்கிழமையும் வந்தாள். நான் கடையை அன்றைக்கு மட்டும் சீக்கிரம் கட்டிவிட்டு வந்து ஜன்னலோரம் உட்காருவேன். சூடு ஏறுகிறது என்று சொல்லி மோடத்தையும் ஜன்னல் கட்டைக்கு மாற்றினேன். ஒரு நாளும் நான் வெளியே போகவில்லை. போயிருக்கலாம். பத்து எட்டு வைத்தால் கேட், அதற்கு மேல் இருபது எட்டு. நான் கோழை என்று எனக்குத் தெரிந்தது அந்த ஜன்னலில்தான்.

இஸ்திரி வண்டி நிற்கிற இடம் அண்ணன் வீட்டு வராந்தாவிலிருந்து நன்றாகத் தெரியும். பழைய மோடத்தின் சிக்னல் அந்த வண்டி வரைக்கும்தான் வரும், அதைத் தாண்டினால் எடுக்காது. அதனால் அவள் அவ்வளவு கிட்டே வந்து நிற்க வேண்டியிருந்தது. அண்ணன் கண்ணில் பட்டாலும் பரவாயில்லை, வாயோடு போகும். அவர் மகன்கள் இருவரும் கை ஓங்கத் தயங்காதவர்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த ஐந்து நிமிடம் எனக்குச் சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே புது மோடம் என்றதும் எனக்கு ஒரே கணக்குதான். தெருமுனையில் தண்ணீர் டேங்க் இருக்கிறது. அதன் பின்னால் நின்றால் அண்ணன் வீட்டிலிருந்து தெரியாது, என் ஜன்னலிலிருந்து பாதி தெரியும். சிக்னல் அதுவரைக்கும் எட்ட வேண்டும். எட்டினால், அங்கே வரும்போதே போன் சேர்ந்துவிடும், அவள் கிட்டே வரவேண்டியதில்லை. மறுநாள் விடிகாலையில் வாக்கிங் போகிறவன்போல் அளந்து பார்த்தேன். ஜன்னலிலிருந்து டேங்க் வரைக்கும் என் காலுக்குத் தொண்ணூறு எட்டு.

விழுப்புரத்தில் இரண்டு கடையில் லிஸ்டைக் காட்டினேன். முதல் கடைக்காரர் எத்தனை ரூம் என்று கேட்டார். இரண்டு என்றேன். "அப்ப இதுவே ஜாஸ்தி" என்று உள்ளங்கை அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். இன்னும் தூரம் போகிற மாதிரி வேண்டும் என்றதற்கு, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத் தர்மம் பண்ணப் போகிறீர்களா என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. விற்கிறவனுக்கு எதற்கு வீட்டுக் கதை என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இரண்டாவது கடையில் லிஸ்டில் இருந்த பெரிய மாடல்கள் திண்டிவனத்தில்தான் கிடைக்கும் என்றார்கள்.

விதைக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். திண்டிவனத்தில் மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னக் கடை. கண்ணாடி போட்ட நாற்பது வயது அம்மா ஒருவர் தனியாக உட்கார்ந்து ஏதோ போர்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். லிஸ்டை வாங்கிப் படித்தார்.

"ரெண்டு மாடல் இருக்குங்கண்ணா. உங்களுக்கு வேகம் வேணுமா, தூரம் வேணுமா?"

மூன்று கடையில் எனக்குச் சரியான கேள்வி கேட்டவர் அவர்தான். தூரம் என்றேன். வேகமாக ஓடுகிற அலை சுவரைத் தாண்டாது, மெதுவாக ஓடுகிற அலைதான் தூரம் போகும், இரண்டும் இரண்டு மோடத்திலும் உண்டு, ஆனால் ஒரே மாதிரி இருக்காது என்று விளக்கினார். எந்த போன் சேர்ந்தாலும் எனக்குச் செய்தி வர வேண்டும் என்றேன்.

"திருட்டு யூஸ் பண்றாங்களாண்ணா?"

"ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது.

"அது ரெண்டுத்துலயும் வரும். தூரத்த நீங்களே நடந்து பாத்துக்கங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

ஒன்றைக் கரண்டில் சொருகி என் போனைச் சேர்த்துக் கொடுத்தார். நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, எட்டுகளை எண்ணிக்கொண்டு திண்டிவனம் கடைத்தெருவில் நடந்தேன். நாலு கொம்பு வைத்த அழகான மோடம் அது. ஜூஸ் கடை தாண்டி அறுபத்து மூன்றாவது எட்டில் அறுந்துவிட்டது. திரும்பி வந்து அடுத்ததைப் போடச் சொன்னேன். அது பழைய டிபன் பாக்ஸ்போல் சப்பையாக இருந்தது. ஜூஸ் கடை, செருப்புக் கடை எல்லாம் தாண்டினேன். தொண்ணூறில் சிக்னல் ஒரு கோடு இருந்தது. நூற்றுப் பத்து வரைக்கும் இருந்தது. வேகாத வெயிலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நடு ரோட்டில் ஒரு கிழவன் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றால் ஜனங்கள் என்ன நினைப்பார்களோ அதை நினைத்திருப்பார்கள். இரண்டு வருடத்தில் நான் என் மகளுக்காகச் செய்த ஒரே வேலை அதுதான்.

பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, மோடத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் பொட்டலத்தைக் கொடுத்தேன். "விதைக்கு அவிச்சதையா குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டு, மனைவி உரித்துத் தின்ன ஆரம்பித்தாள்.

கேபிள்காரர் வியாழக்கிழமை காலையில் வந்தார். மெஷின் என்று எது வீட்டுக்குள் வந்தாலும் அண்ணனுக்குப் பார்க்க வேண்டும். வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேபிள்காரர் மோடத்தின் அடியில் இருந்த நம்பரை ஆபீசுக்கு போனில் படித்துச் சொன்னார். பத்து நிமிடத்தில் பச்சை விளக்கு நின்று எரிந்தது. பழைய பெட்டியில் இருந்ததை எல்லாம் சுத்தமாக அழித்து, பெட்டியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வைஃபை பேரு அதேயே வச்சிட்டேன் சார், 'நம்ம வீடு'. பாஸ்வேர்டும் பழசையே போட்டுட்டா வீட்ல கீற போன் எல்லாம் தானா சேந்துக்கும். பழைய பாஸ்வேர்டு இன்னா சொல்லுங்க."

நான் யோசிக்காத இடம் அது. தொண்ணூறு எட்டு அளந்தவன், திண்டிவனம் வரைக்கும் போய் வந்தவன், இதை யோசிக்கவில்லை. பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அவள் பெயர். அவள் பெயரும் அவள் பிறந்த வருடமும்.

அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். சமையல்கட்டு வாசலில் மனைவி கரண்டியோடு நின்றாள். அவளுக்கும் தெரியும். ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அப்புறம் சொல்கிறேன் என்றிருக்கலாம். இதெல்லாம் பிறகு எத்தனையோ முறை தோன்றியது. அந்த நேரத்தில் தலையில் தண்ணீர் இறங்கியது மட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"சொல்லேன்டா, வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்றார் அண்ணன்.

"அது எதுக்கு, பழசு. புதுசா எதனா போட்டுடுங்க" என்றேன்.

கேபிள்காரர் ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் வரிசையாகப் போட்டார். மனைவி உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அன்று கடைக்கு உர லாரி வந்தது, இறக்கி அடுக்குவதற்குள் அலுத்துவிட்டது. மறுநாள் காலையில் புது ஆப்பைத் திறந்தேன், அது ஏதோ நம்பர் அனுப்பியிருக்கிறேன் என்றது, வரவில்லை. சாயங்காலத்துக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைக்குப் போனேன். இப்படித்தான் நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்கே வந்து ஜன்னலில் உட்கார்ந்து ஆப்போடு மல்லுக்கட்டினேன். நம்பர் வந்து, உள்ளே போய், பாஸ்வேர்டு மாற்றும் இடம் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் ஸ்கூட்டர் திரும்பியது. என் கணக்கு தப்பவில்லை. டேங்க் பக்கத்திலேயே சிக்னல் கிடைத்திருக்க வேண்டும், அங்கேயே நிறுத்திவிட்டாள். என் போன் சத்தம் போடவில்லை.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். இத்தனை நாளில் அவள் அதைக் கழற்றியதே இல்லை. குனிந்து போனில் ஏதோ தட்டினாள். மறுபடியும் தட்டினாள். மூன்றாவது முறையும் தட்டினாள். அவள் கையில் என்ன தெரிகிறது என்று என்னால் பார்க்காமலே படிக்க முடிந்தது. 'நம்ம வீடு', பாஸ்வேர்டு தவறு.

எழுந்து ஓடினேன் என்று எழுத ஆசைதான். வாசல் வரைக்கும் வந்தேன். எதிர் வராந்தாவில் அண்ணன் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "இன்னாடா?" என்றார். "ஒண்ணுமில்லண்ணே, கரண்ட் கம்பத்துல லைட் எரியுதான்னு பாத்தேன்" என்றேன். உள்ளே வந்து ஜன்னலில் பார்த்தபோது டேங்க் பக்கத்தில் யாரும் இல்லை.

ஏழு மணி இருக்கும், மனைவி வந்து தன் போனை என் முன்னால் வைத்தாள். இரண்டு வருடத்தில் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை. மகள் அனுப்பிய செய்தி. "அப்பா பாஸ்வேர்ட மாத்திட்டாருபோல. பரவால்லம்மா. அது ஒண்ணுதான் என்ன உள்ள விட்டுக்கினு இருந்துது. இனிமே அந்தப் பக்கம் வர மாட்டேன்."

நான் அப்போதே உட்கார்ந்து மாற்றினேன். அவள் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டினேன், பிறகு வருடம். இரண்டு முறை தப்பாகி, மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டது. "மாத்திட்டேன்னு சொல்லு. கேபிள்காரன் முன்னாடி, அண்ணன் முன்னாடி சொல்ல முடியல, வேற ஒண்ணுமில்லன்னு சொல்லு. உண்மையச் சொல்லு" என்றேன்.

மனைவி மாடிக்குப் போகவில்லை. என் எதிரிலேயே நின்று போன் போட்டு, அப்படியே சொன்னாள். ஸ்பீக்கரைப் போடச் சொல்லி சைகை காட்டினேன். போட்டாள்.

"பெரியப்பா முன்னாடி என் பேரச் சொல்ல முடியல. அதானம்மா?"

"அதான்டி. வேற ஒண்ணுமில்ல."

"அப்ப நான் சரியாத்தான் புரிஞ்சிக்கினேன்" என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை. மாத்திரை வேளாவேளைக்குப் போடுகிறாரா என்று என்னைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகள் வந்தன, போயின. நான் ஜன்னலில் உட்காருவதை நிறுத்தவில்லை. ஆப்பைத் திறந்தால் மூன்று பெயர் இருக்கும்: என் போன், மனைவி போன், டிவி. இஸ்திரி வண்டிக்காரர் வேறு தெருவுக்குப் போய்விட்டார். டேங்குக்குப் புதுசாக வெள்ளை அடித்தார்கள். மோடத்தைக் குறை சொல்ல முடியாது. டேங்க்கைத் தாண்டி மெயின் ரோடு வரைக்கும் எடுக்கிறது. நான் நடந்து பார்த்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனோடு வந்தார். அவர் வீட்டு நெட் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை.

"உன் வைஃபை எங்க வராந்தா வரைக்கும் ஃபுல்லா காட்டுதுடா. பாஸ்வேர்டு இன்னா, சொல்லு, போட்டுக்கிறேன்."

மனைவி டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். நான் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் பெயரைச் சொன்னேன், பிறகு அவள் பிறந்த வருடத்தை. அண்ணனின் விரல் போன்மேல் அப்படியே நின்றது. பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. இந்த இவ்வளவுக்குப் பயந்துதான் இத்தனை நாள் இருந்திருக்கிறேன்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நான் அதைச் செய்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மனைவி எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். பாராட்டுவாள் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

"அன்னிக்கு அவ டேங்க்காண்ட நின்னுக்கினு இருந்தா" என்றாள். "இன்னிக்கு யாருக்கு சொல்றீங்க?"